எழுநூறு அடித் தண்ணீரை மழைக் கணக்கில் எழுதாதீர்கள்

நிலத்தடி நீர் எடுக்க அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

எங்கள் ஊர் எல்லையில் ஆழ்துளைக் கிணறு போட, கேன் தண்ணீர் நிறுவனம் ஒன்றுக்குத் தடையில்லாச் சான்று கொடுத்திருக்கிறீர்கள். அதை எதிர்த்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். "உங்க பிர்கா பாதுகாப்பான பட்டியல்ல இருக்கு. ரெண்டு மழை நல்லா பெஞ்சா எடுத்ததெல்லாம் ஊறிடும்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. (பிர்கா என்பது சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு.) அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. மனு, நினைவூட்டல், மறுபடி மனு என்று போய்க்கொண்டிருந்தால் அதற்குள் லாரி ஓட ஆரம்பித்துவிடும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கோப்பின் நகலை வாங்கினோம். கிணற்றின் ஆழம் 700 அடி என்று இருக்கிறது. 550 அடிக்குக் கீழேதான் துளையிட்ட குழாய், அதாவது தண்ணீர் உள்ளே வருவதே அங்கிருந்துதான். அனுமதிக்கு அடிப்படையாகக் காட்டியிருப்பது கண்காணிப்புக் கிணறு ஒன்றின் நீர்மட்டம். மழைக்கு முன்னால் எவ்வளவு, மழைக்குப் பின்னால் எவ்வளவு, வித்தியாசத்திலிருந்து ஆண்டு ஊறல், அதில் இப்போது எடுப்பது 70 சதவீதத்துக்குக் கீழே, ஆகவே 'பாதுகாப்பானது'. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கண்காணிப்புக் கிணறு எங்கள் ஏரிக்கரை ஓரத்துத் திறந்த கிணறு. ஊரில் பாதிப் பேர் நீச்சல் பழகியது அதில்தான். மிஞ்சிப்போனால் 35 அடி. ஏரி நிரம்பினால் அதுவும் நிரம்பும், ஏரி காய்ந்தால் அதுவும் காயும். அந்தக் கிணற்றின் மட்டத்தைப் பார்த்து 550 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு எப்படி அனுமதி எழுதினீர்கள்?

இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் போர் போட்டவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ரிக்காரர்கள் பத்து அடிக்கு ஒரு குவியலாக மண்ணைக் கொட்டி வரிசையாக வைத்துக்கொண்டே போவார்கள். முதலில் செம்மண்ணும் சரளையும். அப்புறம் மஞ்சள் மணல். அதற்கும் கீழே சாம்பல் நிறக் களி, கையில் எடுத்தால் ஒட்டிக்கொண்டு விடாது. சில இடங்களில் கருப்பாகப் பழுப்பு நிலக்கரித் துண்டும் வரும். அதையெல்லாம் தாண்டிய பிறகுதான் வெள்ளை மணல், அதில்தான் நல்ல தண்ணீர். மேலே களி மூடியிருப்பதால் அந்தத் தண்ணீர் அழுத்தத்தில் நிற்கிறது. என் அப்பா போட்ட போரில் மோட்டாரே கிடையாது. குழாயின் வாயிலிருந்து தானாகப் பொங்கி வாய்க்காலில் ஓடியது. அதை வைத்து நெல்லும் கரும்பும் விளைந்தன, மேட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டோம். பொங்குவது நின்றது, கம்ப்ரசர் வந்தது, அதற்கும் எட்டாமல் போய் சப்மெர்சிபிள் இறங்கியது. அதன்பிறகு ஒவ்வொரு முறை மோட்டாரைத் தூக்கும்போதும் கூடுதலாக ஒரு குழாய் கோத்துத்தான் இறக்குகிறோம். இத்தனைக்கும் இந்தக் காலத்தில் நல்ல மழை பெய்த வருடங்களும் உண்டு, வெள்ளம் வந்த வருடங்களும் உண்டு. கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். ரெண்டு மழையில் ஊறும் தண்ணீர் என்றால் எங்கள் மோட்டார் ஏன் கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது?

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் இருப்பதும் இந்த அழுத்தநீர்தான். சுரங்கத்தின் தரையை அது முட்டி உடைத்துவிடாமல் இருக்க, அங்கே இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். அது வேறு வழக்கு, அதை இந்த மடலில் இழுக்கவில்லை. நான் கேட்பது ஒரே கேள்வி: நீங்கள் அனுமதி எழுதிய தண்ணீரின் வயது என்ன?

இது விதண்டாவாதக் கேள்வி இல்லை. தண்ணீருக்கு வயது பார்க்க முடியும், நம் நாட்டிலேயே பல பத்தாண்டுகளாகப் பார்க்கிறார்கள். நான் இளைஞனாக இருந்தபோது ஓர் ஆய்வுக் குழு எங்கள் பக்கம் வந்து போர் போராக மாதிரி எடுத்தது. கூடமாட உதவ என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் மோட்டாரை நெடுநேரம் ஓடவிட்டுக் குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றினார்கள். பெரிய பீப்பாயின் அடி வரைக்கும் ஹோஸைவிட்டு, தண்ணீர் கொப்பளிக்காமல் நிரப்பி, உடனே மூடினார்கள். காஸ்டிக் சோடாவையும் பேரியம் குளோரைடையும் போட்டதும் தெளிந்த தண்ணீர் பால் மாதிரி ஆனது. மறுநாள் காலையில் பீப்பாயின் அடியில் வெள்ளை வண்டல். மேல் தண்ணீரை வடித்துவிட்டு அந்த வண்டலை மட்டும் பாட்டிலில் அடைத்து எடுத்துப்போனார்கள். நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரில் கரைந்திருந்த கார்பன் மொத்தமும் அதில் இருக்கிறது என்றார்கள். ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைப் பார்க்கத் தனியாக ஒரு பாட்டில். அதைப் பிடிக்கும்போது, இருட்டில் மின்னும் வாட்ச் கட்டியிருந்தால் கழற்றித் தூர வைக்கச் சொன்னார்கள். அந்த மினுக்குப் பூச்சில் ட்ரிட்டியம் இருக்குமாம், மாதிரி கெட்டுப்போகுமாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று அப்போது கேட்டேன். அவர்கள் சொன்னதையும் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் துறையில் இது தெரிந்தவர்கள் இருப்பார்கள், தெரியும். ஆனால் மேடையில் பேசுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கொஞ்சமே கொஞ்சம் உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அதையும் கரைத்துக்கொண்டு போகிறது. களிக்கு அடியில் போய்விட்டால் புது வரவு கிடையாது, இருப்பது தேய ஆரம்பிக்கும். 5,730 ஆண்டில் பாதி, 11,460 ஆண்டில் கால்வாசி. ஏழு முறை பாதியானால் 128-இல் ஒரு பங்குதான் மிச்சம். அதற்கு மேல் கார்பனை நம்ப முடியாது, நாற்பதாயிரம் ஆண்டு வாக்கில் அதன் பேச்சு முடிந்துவிடும். பீப்பாய்க்குள் இன்றைய காற்று கொஞ்சம் புகுந்தாலும் கிழத் தண்ணீர் இளசாகத் தெரியும். ட்ரிட்டியம் இதற்கு நேர்மாறு. அது 12 ஆண்டு சொச்சத்தில் பாதியாகும். 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகளால் மழையில் ஏகமாகக் கலந்து, 1963 வாக்கில் உச்சத்துக்குப் போனது. ஒரு கிணற்றில் ட்ரிட்டியம் இருந்தால் அதில் அண்மைக்கால மழை கலந்திருக்கிறது. இல்லவே இல்லையென்றால் அந்தத் தண்ணீர் 1950-களுக்கும் முந்தையது.

நெய்வேலிப் படுகையின் மழை ஊறல் எந்தப் பகுதியில் நடக்கிறது என்பதை, மண்ணுக்குள் ட்ரிட்டியத்தைச் செலுத்திப் பின்தொடர்ந்து, ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மறுவரையறை செய்து 2005-இல் வெளியிட்டார்கள். அதே நிறுவனத்தார் 1998-லேயே, தென்னிந்தியாவின் ஆழ் அழுத்தநீரை வைத்துக் கடந்த 30,000 ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றத்தை எழுதியிருக்கிறார்கள். முப்பதாயிரம் ஆண்டு வானிலையைத் தண்ணீரிலிருந்து படிக்க முடிகிறது என்றால், அவ்வளவு பழைய தண்ணீர் நம் காலடியில் இருக்கிறது என்றுதானே பொருள்? வட குஜராத்தில் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தார் 2006-இல் வெளியிட்டது இன்னும் துல்லியம். ஆரவல்லி அடிவாரத்தில் 2,000 ஆண்டுக்கும் குறைவான தண்ணீர், காம்பே படுகைக்குள் போகப் போக வயது ஏறி 35,000-ஐத் தாண்டிவிடுகிறது. எங்கள் ஊரில் எடுத்த மாதிரியின் முடிவைக் கேட்டபோது, "பல ஆயிரம் வருஷத் தண்ணிப்பா" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அறிக்கை எதுவும் ஊருக்கு வரவில்லை. கோப்பைப் புரட்டிப் பார்த்ததில் உங்கள் அலுவலகத்துக்கும் வந்ததாகத் தெரியவில்லை. அல்லது வந்து எந்த அலமாரியில் தூங்குகிறதோ.

பழைய தண்ணீர் என்பதாலேயே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானே என் மோட்டாரை நிறுத்த வேண்டும். வயது தெரிந்தால் வேகம் தெரியும், அதுதான் முக்கியம். ஒரே படுகையில், தண்ணீர் நகரும் திசையில், பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு போர் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே இருப்பதைவிடக் கிழக்கே இருப்பதில் தண்ணீருக்கு 5,000 வயது கூடுதல் என்றால், அது வருடத்துக்கு இரண்டு மீட்டர்தான் நகர்கிறது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரிக் காட்டுச் செம்மண்ணில் இறங்கும் மழை அந்த வேகத்தில் எங்கள் ஊருக்கு எப்போது வந்து சேரும்? நீங்கள் கொடுத்த சான்றிதழுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். தண்ணீரின் காலக்கணக்கு ஆயிரங்களில் போகிறது.

இதற்கு உங்கள் பக்கத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "மழைக்கப்புறம் ஆழ்போரிலும் மட்டம் ஏறுதே." ஏறும். மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மோட்டாரை நிறுத்துகிறோம், அழுத்தம் கொஞ்சம் மீள்கிறது. அழுத்தம் சீக்கிரம் பரவும், தண்ணீர் அப்படி வராது. மட்டம் ஏறியதைக் காட்டிப் புதுத் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதுவது, நெல் விற்ற காசையும் பாட்டன் நிலத்தை விற்ற காசையும் ஒரே வரவாக எழுதும் கணக்கு. எந்தத் தண்ணீர் எந்தக் கணக்கு என்று பிரித்துச் சொல்ல நீர்மட்ட டேப் போதாது. வயதுதான் சொல்லும்.

கார்பனும் முழுசாகச் சொல்லாது என்பது உண்மைதான். வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதிலிருந்து கரையும் கார்பன் வயதைக் கூட்டிக் காட்டும், திருத்தம் போட வேண்டும். நாற்பதாயிரத்துக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. அதற்காகத்தான் இப்போது கிரிப்டான்-81. கிரிப்டான் எதோடும் சேராத வாயு. பாறையோடு வினை கிடையாது, சுண்ணாம்பு குழப்பாது. பாதியாக ஏறத்தாழ 2,29,000 ஆண்டு. சிக்கல் அதன் அளவில்தான். ஒரு லிட்டர் புதுத் தண்ணீரில் கிரிப்டான்-81 அணுக்கள் ஓராயிரம், ஈராயிரம்தான் இருக்கும். எடை இல்லை, அணுக்களின் எண்ணிக்கையே அவ்வளவுதான். அது சிதைவதற்காகக் காத்திருந்து எண்ணினால் ஆயுள் போதாது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 1999-இல் வேறு வழி காட்டினார்கள். கிரிப்டான்-81 மட்டும் பிடிக்கும் நிறத்துக்கு லேசரை வைத்து, அணுவின் ஓட்டத்தை மெதுவாக்கி, வெற்றிடத்தில் ஓர் இடத்தில் நிறுத்துகிறார்கள். பொறியில் நிற்கும் ஒற்றை அணு ஒளிர்வதைக் கேமராவில் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். காற்றோ புதுத் தண்ணீரோ மாதிரியில் கலந்திருந்தால் அதுவும் மறையாது. இன்றைய காற்றில் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வந்த கிரிப்டான்-85 இருக்கிறது, அது மாதிரியில் தென்பட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும். இடைப்பட்ட சில நூறு ஆண்டுகளுக்கு, 268 ஆண்டில் பாதியாகும் ஆர்கான்-39 இருக்கிறது. அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்றுப் பனிக்கட்டியை உருக்கி, உள்ளே சிக்கியிருந்த காற்றின் கிரிப்டானை எண்ணி, ஏறத்தாழ 1,20,000 ஆண்டுப் பனி என்று 2014-இல் சொன்னதும் இந்த முறையில்தான்.

எகிப்தின் மேற்குப் பாலைவனக் கிணறுகளை இப்படிப் பார்த்தபோது 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டு வரை வந்தது. அது 2004-இல். அன்றைக்கு ஒரு மாதிரிக்கு டன் கணக்கில் தண்ணீரிலிருந்து வாயுவைப் பிரிக்க வேண்டியிருந்தது. இன்றைக்குச் சில குடம் தண்ணீர் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். சவூதி அரேபியா தன் பழைய நிலத்தடி நீரை இறைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து ஏற்றுமதியே செய்தது. படுகை வற்றுவதைப் பார்த்துவிட்டு, 2016-க்குள் அரசு கொள்முதலைப் படிப்படியாக நிறுத்துவதாக 2008-இல் முடிவெடுத்தது. எண்ணெய்க் காசு உள்ள நாடே அந்தக் கணக்கைப் பார்த்தது. இங்கே ஒரு சாதாரண கார்பன் சோதனைகூட இல்லாமல் கேன் தண்ணீருக்கு அனுமதி போகிறது.

இன்னொன்று. ஆழத்துத் தண்ணீர் சுத்தமானது, அதனால்தான் கேனில் அடைக்கத் தோதானது என்று அந்தக் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. உலகெங்கும் உள்ள கிணறுகளை ஒப்பிட்டு 2017-இல் வந்த ஆய்வு, பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கும் பழைய தண்ணீர் வரும் கிணறுகளில் ஏறக்குறைய பாதியில் ட்ரிட்டியமும் இருந்ததாகச் சொல்கிறது. அதாவது பழைய தண்ணீரோடு மேல் தண்ணீரும் சேர்ந்து வருகிறது, மேலே உள்ள உரமும் மருந்தும் கூடவே வர வழி இருக்கிறது. எங்கள் பக்கம் கைவிட்ட போர்களை எப்படி மூடுகிறார்கள் என்று வந்து பாருங்கள். வாயில் ஒரு கோணிச் சாக்கு, அதன் மேல் ஒரு கல். குழாய்க்கும் களிக்கும் இடையே சிமென்ட் அடைப்பு போட்ட போரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு போரும் களியில் ஓர் ஓட்டை.

கிழக்கே கடல் இருக்கிறது. இருபதாயிரம் ஆண்டுக்கு முன்னால் கடல் மட்டம் இன்றையதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது, பரங்கிப்பேட்டைக்குக் கிழக்கே வெகுதூரம் தரையாக இருந்தது. அன்றைய மழை அழுத்திவைத்த நல்ல தண்ணீர்தான் இன்று உப்பைத் தடுத்து நிற்கிறது. அந்த அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரைத் தாண்டி உதாரணம் தேட வேண்டியதில்லை. அங்கே இறைத்த இறைப்பில் கடல் நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்தது, 1960-களின் கடைசியிலேயே தெரிந்த சங்கதி.

நிலத்தடி நீருக்கென்று 2003-இல் மாநிலச் சட்டம் வந்தது, 2013-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். மிச்சம் இருப்பது அரசாணையும் பிர்காப் பட்டியலும். ஆகவே உங்கள் கையெழுத்துக்கு இருக்கும் கனம் அதிகம். சோதனைக்குச் செலவாகும் என்று சொல்லாதீர்கள். எழுநூறு அடி போர் போட்டுக் குழாய் இறக்கி மோட்டார் மாட்ட ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் கார்பன் சோதனைக் கட்டணம் ஒரு மூலைக்குக் காணாது, அதை விண்ணப்பதாரரிடமே வாங்கலாம். பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் பிடித்த காலமும் போய்விட்டது. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையத்தில் இருப்பது போன்ற கருவிகளுக்கு ஒரு பாட்டில் மாதிரி போதும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனத்திலும் ஐசோடோப்பு (கார்பன்-14, ட்ரிட்டியம் போன்ற அணு வகைகள்) வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது இவைதான்.

எங்கள் ஊர் எல்லையில் கொடுத்த தடையில்லாச் சான்றை, அந்தப் படுகைத் தண்ணீரின் கார்பன்-14, ட்ரிட்டியம் முடிவுகள் வரும்வரை நிறுத்தி வையுங்கள். ரத்து செய்யுங்கள் என்று இப்போது கேட்கவில்லை, முடிவு வந்த பிறகு பேசுவோம்.

இனி களிமண்ணைத் தாண்டி இறங்கும் எந்த வணிகப் போருக்கும் வயதுச் சோதனை இல்லாமல் அனுமதி வேண்டாம். கார்பனுக்கு எட்டாத வயது என்று தெரிந்தால் கிரிப்டான்-81 பார்க்க ஏற்பாடு செய்யுங்கள், வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் சரி. கிணறு கிணறாக வேண்டாம், படுகைக்குச் சில இடங்களில் பார்த்தாலே போதும்.

ஏரிக்கரைக் கிணற்றை வைத்து ஆழ்நீருக்கு மதிப்பீடு போடுவதை நிறுத்துங்கள். 550 அடிக்குக் கீழே உள்ள மணலுக்கென்று தனிக் கண்காணிப்புக் குழாய் போடுங்கள். மேல்நீருக்கு ஒரு கணக்கு, அழுத்தநீருக்கு ஒரு கணக்கு என்று பிர்காப் பட்டியலிலேயே இரண்டு வரியாக எழுதுங்கள். 'பாதுகாப்பானது' என்ற சொல் எந்தத் தண்ணீருக்கு என்று அதில் தெரிய வேண்டும்.

கைவிட்ட ஆழ்போர்களைக் கணக்கெடுத்து சிமென்ட் கலவையால் அடையுங்கள், புதுப் போர்களில் களிமண் மட்டத்தில் அடைப்பு போட்டதை நேரில் வந்து பார்த்த பிறகே மின் இணைப்புக்குச் சம்மதம் கொடுங்கள்.

கடைசியாக, எங்கள் பகுதியில் இதுவரை எடுத்த எல்லா ஐசோடோப்பு மாதிரிகளின் முடிவுகளையும், எந்த நிறுவனத்திடம் இருந்தாலும், கேட்டு வாங்கித் தமிழில் வெளியிடுங்கள். வரும் கிராம சபையில் அவற்றை விளக்க உங்கள் துறையிலிருந்து ஒரு நிலவியலாளரை அனுப்புங்கள். கோப்பில் எழுதிய கணக்கையும் அவர் கையோடு கொண்டுவரட்டும், எங்களிடம் அதன் நகல் இருக்கிறது.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்து விவசாயி ஒருவன்